15 பாட் ரயில்

வெளிநாடு போனால் பேசாமல் ஒரு டூரில் சேர்ந்துவிடு, தனியாக அலையாதே என்று எனக்குச் சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. 2019 டிசம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாங்காக் போனபோது இரண்டையும் அடுத்தடுத்த நாளில் செய்து பார்த்தோம். ஒரு நாள் டூர் வேன், மறுநாள் நாங்களே. அம்மாவுக்கு அப்போது 67. முட்டிவலி உண்டு, மீன் வாசனை ஆகாது. கோயம்புத்தூரில் கிளம்பும்போதே ஒரு டப்பா நிறையத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டவர்.

டூருக்கு ஆளுக்கு 900 பாட். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். காலை ஆறரைக்கே வேன் வந்துவிட்டது. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை, அதற்கு முன்னால் மேக்லோங் ரயில் சந்தை. மேக்லோங்கில் தண்டவாளத்தை ஒட்டியே காய்கறியும் கருவாடும் பரப்பி விற்கிறார்கள். ரயில் வரப்போகிறது என்றதும் கடைக்காரர்கள் பந்தல் துணியை மடக்கி, தட்டுகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். வண்டி நம் மூக்கை உரசாத குறையாகப் போகிறது. கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள் பந்தல் மறுபடி விரிந்துவிடுகிறது.

இதை நாங்களாகப் பார்க்க நினைத்திருந்தால் வோங்வியன் யாயில் ஒரு ரயில் ஏறி, மகாச்சையில் இறங்கி, ஆற்றைப் படகில் கடந்து, அக்கரையில் பான் லேமில் இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது ரயில் ஒரு நாளைக்கு நாலே முறை. ஒன்றைத் தவறவிட்டால் பொழுது போச்சு. எங்கள் வழிகாட்டிப் பெண்ணோ எங்களை ஒரு கடையோரம் நிறுத்திய பத்தாவது நிமிடம் ரயில் வந்தது. அந்த ஒன்றுக்கே காசு சரியாகப் போயிற்று.

அதற்கப்புறம்தான் கதை. மிதக்கும் சந்தையில் வாய்க்கால் படியில் உட்கார்ந்து அம்மா இளநீரைப் பாதி குடித்திருப்பார். அதற்குள் அந்தப் பெண் கொடியை ஆட்டிவிட்டாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பும் வழியில், நிகழ்ச்சி நிரலிலேயே இல்லாத ஒரு ரத்தினக் கல் கடையில் வேன் நின்றது. அங்கே முக்கால் மணி நேரம். குளிரூட்டிய கூடத்தில் விற்பனையாளர் ஒருவர் அம்மாவின் பின்னாலேயே நீலக்கல் தட்டோடு நடந்தார். வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "ஏங் கண்ணு, நாம கேக்காத கடைக்கு இவ்வளவு நேரம் இருக்குது. அந்த வாய்க்காலுக்கு இல்லையா?"

அன்று ராத்திரியே முடிவு செய்தேன். தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவுக்கு டூர் வேண்டாம்.

பாங்காக்குக்கு வடக்கே 80 கிலோமீட்டர், நேர் ரயில். திட்டம் என்று பெரிதாக ஒன்றும் போடவில்லை. திரும்பி வரும் ரயில்களின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். விடுதிப் பெண்ணிடம் பார்க்கவேண்டிய கோயில் பெயர்களைத் தாய்லாந்து எழுத்தில் எழுதி வாங்கினேன். அசைவம் வேண்டாம் என்பதற்கு 'ஜே' என்று சொல்ல வேண்டும் என்றும், மஞ்சள் கொடியில் சிவப்பாக அந்த எழுத்து இருந்தால் நம்பி உட்காரலாம் என்றும் அவளே சொல்லித் தந்தாள். ஒரு நாளுக்கு ஒரே ஊர். அம்மாவோடு போகும்போது இது என் சட்டம்.

பாங்காக்கின் ஹுவா லம்போங் நிலையத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டு 15 பாட். நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். (இப்போது போகிறவர்கள் கவனிக்க: 2023 ஜனவரியில் தொலைதூர ரயில்கள் பலவும் பாங் சூவில் உள்ள புது நிலையத்துக்கு மாறிவிட்டன.) அம்மா நேராகப் போய் நிலையக் கூடத்தில் காலியாக இருந்த வரிசையில் உட்கார்ந்தார். அது பிக்குகளுக்கான இடம். ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே பலகையைக் காட்டினார். இடம் மாறி உட்கார்ந்து தட்டை டப்பாவைத் திறந்தார் அம்மா. சரியாக எட்டு மணி. ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு எழும்பியது. அத்தனை பெரிய கூடமும் எழுந்து, நடந்தவர் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தேசிய கீதம். தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பதறி எழுந்தேன். அம்மாவின் வாயில் தட்டை. கடிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், கன்னம் உப்ப நின்றார்.

அயுத்தயாவில் இறங்கி, எதிர்த் தெருவில் இரண்டு நிமிடம் நடந்தால் பா சாக் ஆறு. அப்போது 5 பாட் படகு. அக்கரையில் தவளை மூஞ்சி டுக்டுக் ஒன்றை மணிக்கு 200 பாட்டுக்குப் பேசினேன். வயசுப்பிள்ளைகள் 50 பாட்டுக்கு சைக்கிள் எடுத்துக்கொண்டார்கள். ஊர்ப்பெயர் அயோத்தியிலிருந்து வந்தது, 1351-இல் இதை நிறுவிய அரசருக்கே ராமாதிபதி என்று பட்டம் என்றதும் அம்மா செருப்பைக் கழற்றப் பார்த்தார்.

வாட் மகாதாட் கோயிலில் அரசமர வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நேரில் அது நம் இடுப்பளவுக்கும் கீழே, தரையை ஒட்டி இருக்கிறது. புத்தரை விட நம் தலை உயரக்கூடாது என்பதால் குத்துக்காலிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். காவலர் கையைத் தாழ்த்திக் காட்டினார். அம்மாவின் முட்டி மடங்காது. "எனக்குப் படம் வேண்டாம்" என்று தள்ளிப் போய், கைகூப்பிக்கொண்டு நின்றார்.

சுற்றிலும் வரிசை வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள். ஏன் என்று கேட்டார். 1767-இல் பர்மாப் படை ஊரை எரித்தது என்பது வரை எனக்குத் தெரியும். மேலே சொல்லத் திணறியபோது, பக்கத்தில் ஒரு டூர் குழுவின் வழிகாட்டி, பல தலைகளைப் பின்னாளில் சிலைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் காசு கொடுத்துக் கேட்டதை நாங்கள் ஓசியில் கேட்டோம். நல்ல வழிகாட்டி நல்ல வழிகாட்டிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழு ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டது. அம்மா அதே இடத்தில் செங்கல் திண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டுக்டுக்காரருக்கு அது 200 பாட். போகட்டும்.

வாட் ஃபிரா சி சன்பேட்டின் மூன்று கோபுரங்களைப் பார்த்துவிட்டு நிலையத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ரொட்டி சாய் மை கடைகள் குறுக்கே வந்தன. மெல்லிய பச்சை நிற ரொட்டிக்குள் சர்க்கரை நூலைச் சுருட்டித் தருகிறார்கள். சோன் பப்டியை நூலாகப் பிரித்த மாதிரி. அம்மா நாலு சாப்பிட்டார். நாங்கள் படகில் இருக்கும்போதே ரயில் கிளம்பிவிட்டது. முழுக்க முழுக்க எங்கள் தப்பு.

தாளை எடுத்துப் பார்த்தேன். அடுத்தது ஆறு மணிக்கு மேல். நடைமேடையில் உட்கார்ந்தோம். கொடி பிடித்தவர் யாரும் இல்லாததால் திட்டவும் ஆளில்லை. கைப்பேசி ஆறு காட்டுவதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அம்மா தட்டை டப்பாவை மூடி, வாயைத் துடைத்து, சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றார். "எந்திரி கண்ணு, பாட்டுப் போடப் போறாங்க."