பேட்ச் ஒட்டினவருக்கு ஒத்தடம் கொடுக்காதீங்க

பெரியப்பாவுக்கு முதுகெலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோய். மாத்திரை எதுவும் உள்ளே நிற்காமல் வாந்தியாகப் போனதால், கடும் வலிக்குத் தருகிற மார்ஃபினிலிருந்து, அதே வேலைக்கான ஃபென்டனில் மருந்து உள்ள பேட்ச்சுக்கு மாற்றினார்கள். மார்பிலோ மேல் கையிலோ ஒட்டினால் 72 மணி நேரத்துக்கு மருந்து தோல் வழியாக மெதுவாக இறங்கும். பார்க்க சாதாரண பிளாஸ்திரி மாதிரி இருக்கும், தொல்லையே அதுதான். இடுப்புப் பிடிப்புக்கு மெடிக்கலில் வாங்கி ஒட்டுவோமே, அந்த ரகம் என்றே வீட்டுக்கு வந்த பாதிப் பேர் நினைத்தார்கள். மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் உள்ள மருந்து, 1985 போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. பக்கத்து வீட்டு மாமிக்கு மூட்டு வலி என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தால், பழக்கமில்லாத உடம்பில் மூச்சே நின்றுவிடலாம்.

சரி, சூட்டுக்கு வருகிறேன். நம் வீடுகளில் வலி என்றாலே கை ஒத்தடத்துக்குத்தான் போகும். வறுத்த உப்பு மூட்டை, வெந்நீர் பை, நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். பேட்ச் போட்டவருக்கு அந்த இடத்திலோ அதன் பக்கத்திலோ இதெல்லாம் கூடவே கூடாது. சூடு பட்டால் தோலில் ரத்த ஓட்டம் கூடி, மூன்று நாளில் இறங்க வேண்டிய மருந்து அவசரமாக உள்ளே போகும். இதில் இன்னொரு சிக்கல், முதல் பேட்ச் ஒட்டியதும் வலி குறையாது. மருந்து தோலுக்கடியில் சேர்ந்து பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது, 12 முதல் 24 மணி நேரம் ஆகிவிடும். அந்த இடைவெளியில்தான் "மருந்து கேக்கவே இல்லையேடா" என்று பெரியம்மா வெந்நீர் பையோடு வந்து நிற்பார். வேண்டாம் என்றால் "லேசாத்தான்டா வைக்கிறேன்" என்பார். இடையில் வலி தாங்கவில்லை என்றால் டாக்டருக்குத்தான் போன் போட வேண்டும், அதற்கென்று தனி மருந்து உண்டு.

வெளிச் சூடு மட்டும் இல்லை, காய்ச்சலும் இதே வேலையைச் செய்யும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸ், அதாவது நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் 104 ஆகிவிட்டால், ரத்தத்தில் மருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 104 வரும்வரை காத்திருக்கக் கூடாது, காய்ச்சல் தொடங்கியதுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கத்திரி வெயில் காலத்தில் சென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்கேனுக்குக் கூட்டிப் போனால் பேட்ச் மேல் வெயில் நேராகப் படாத சட்டை வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிற பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள், எண்ணெய் பட்டால் பேட்ச் நிற்காது. வியர்வையில் ஓரம் கிளம்பினால் சுற்றி டேப் ஒட்டலாம். முழுசாக விழுந்துவிட்டால் புதியதை வேறு இடத்தில் ஒட்டி, 72 மணி நேரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மருந்து கூடிப்போனால் ஆள் கத்த மாட்டார், தூங்குவார். பல ராத்திரி தூங்காதவர் அசந்து தூங்கினால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எழுப்பவே மனசு வராது. எழுப்பிப் பாருங்கள். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, வழக்கத்துக்கு மாறான குறட்டை, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கிறது என்றால் பேட்ச்சைப் பிய்த்துவிட்டு உடனே 108. பிய்த்த பிறகு விழித்துக் காபி கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். தோலில் தங்கிய மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், அளவு பாதியாகவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அப்புறம், கழற்றிய பேட்ச்சிலும் மருந்து மிச்சம் இருக்கிறது, ஒரு குழந்தை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. பசைப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத டப்பாவில் பூட்டி வைத்து, அடுத்த முறை போகும்போது மருந்து தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.