முயல் கூண்டைக் கோழிக்கு மாற்றிய பாடு

புதுக் கோழிக்கூடு விலையைக் கேட்டு மலைத்துப்போய், பழைய முயல் கூண்டு தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு முயல் வாங்கிக் கொடுத்த பலர் பிறகு கூண்டைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். மலிவாகவே கிடைக்கிறது. எனக்கு அமைந்தது மரச்சட்டம் போட்ட இரண்டு அறைக் கூண்டு, நாலடிக்கு இரண்டடி. "நாலு கோழி தாராளமா அடையும் மேடம், கழுவித் தொடைச்சு வெச்சிருக்கேன்" என்றார் விற்றவர். மதுரை அய்யர் பங்களாவிலிருந்து திருநகர் வரை சின்ன யானை வாடகையே கூண்டு விலையில் பாதி.

தொடைத்த லட்சணம் இறக்கியதும் தெரிந்தது. அடித்தட்டு முழுக்க வெள்ளையாகக் கட்டிதட்டிப் போயிருந்தது. முயல் மூத்திரத்தில் சுண்ணாம்புச்சத்து அதிகம், காய்ந்தால் இப்படித்தான் இறுகும். சோப்புக்கும் கம்பி நாருக்கும் அசையவில்லை. வினிகரை ஊற்றியதும் சுர்ரென்று நுரைத்தது. ராத்திரி ஊறவிட்டுக் காலையில் கரண்டியால் சுரண்டினால் ஏடு ஏடாக உரிந்து வந்தது. ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகர் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

பெரிய தலைவலி வலைதான். விரல் நுழையும் அறுகோண வலையை ஸ்டேப்ளர் பின்னில் அடித்து வைத்திருந்தார்கள். கோழி வருவதற்கு முன்பே தெருப்பூனை ஒன்று கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. மூடியிருந்தது வெறும் திருகுக்கட்டை, பிறகு என்ன? கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். கீரியையும் மரநாயையும் தடுக்க அரை இஞ்ச் வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த சதுரக் கம்பிவலை வேண்டும். ஹார்டுவேர் கடையில் அதைக் கேட்டால், "கோழிக்குக் கோழிவலைதானக்கா போடுவாங்க" என்று அதே அறுகோண வலையை வெட்டிச் சுருட்டி பில்லும் போட்டுவிட்டார். "வெட்டினதைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று வேறு. வெட்டச் சொன்னது யார்? காசைக் கொடுக்காமல் வெளியே வந்தேன். வேறு கடையில் வெல்டு மெஷ் வாங்கி, வாஷர் வைத்து ஸ்குரூ முடுக்கி, கொக்கியும் சின்னப் பூட்டும் போட்டாயிற்று.

மரச்சந்துகளுக்கு அப்பத்தா சொன்னபடி சுண்ணாம்பும் வேப்பெண்ணெயும். "இடுக்குல செல்லு உக்காந்துக்கும்டி, பகல்ல கண்ணுக்குத் தெரியாது, ராத்திரி வந்து ரத்தத்தை உறிஞ்சிரும்." செல்லு என்றால் கோழி ரத்தம் குடிக்கும் பொடி உண்ணி. மரக்கூண்டு வாங்குகிறவர்கள் இந்தப் பூச்சைத் தள்ளிப்போடவே கூடாது.

முயல் படுக்கும் இருட்டறையில் வைக்கோல் போட்டேன், முட்டையிட இதைவிட வாகான இடம் கிடையாது. ஆனால் நம்ம சிறுவிடை நாட்டுக்கோழிகள் ராத்திரியும் அதற்குள்ளேயே புகுந்து படுத்து, வைக்கோல் முழுக்க எச்சம். கோழிக்கு உயரத்தில் ஏறி அடைந்தால்தான் நிம்மதி. ஒன்றரை அடி உயரக் கூண்டில் உயரத்துக்கு எங்கே போவது? கூரையை ஓரடி தூக்கச் சொன்னதற்கு ஆசாரி "நாளைக்கு வாரேன்" என்றே இழுத்தடித்தார். போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். கடைசியில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன், அன்றைக்கே வந்தார். தூக்கிய ஓரடியைச் சுற்றிலும் மெஷ். எச்சத்தின் அம்மோனியா நெடி அதோடு போயிற்று. கோழி ஏறி உட்கார நடுவில் இரண்டு இஞ்ச் ரீப்பர் கட்டை, தட்டையான பக்கம் மேலே, ஓரம் தேய்த்தது. இரும்புக் குழாய் வேண்டாம், கால் வழுக்கும்.

அதன்பிறகும் இவை முருங்கை மரத்தில்தான் ஏறின. இருட்டியபின் பிடித்து ரீப்பரில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துங்கள். சில நாளில் தானாகவே வந்து ஏறிவிடும்.

வாங்குமுன் இருட்டறைக் கதவில் கையை விட்டுப் பார்த்துவிடுங்கள். என் கை முழங்கை தாண்டவில்லை. மூலையில் கிடக்கிற முட்டையை மகள்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, முட்டைக்கு அஞ்சு ரூபாய் கூலி கேட்கிறாள்.