அந்த இரண்டு மார்க்

"மேலே மூடிக்கிட்டா உள்ளே மீனுக்கு மூச்சு முட்டும். கொஞ்சம் சாகும்." அவள் எழுதியது இவ்வளவுதான். குளிர்காலத்தில் ஏரி உறைந்தாலும் மீன்கள் பிழைப்பது எப்படி என்பது கேள்வி. நாலு டிகிரித் தண்ணீருக்குத்தான் அடர்த்தி அதிகம், அது அடியில் தங்கும், ஐஸ் மேலே மிதந்து போர்வையாகும் என்று எழுத வேண்டும். சைபர் போட்டேன்.

தாளைக் கொடுத்த அன்று மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், எங்க கண்மாய்ல ஆகாயத்தாமரை மூடுன வருசம் மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. அப்பாதான் மீன்பாசி குத்தகை எடுத்திருந்தாரு. ஐஸும் மூடிதானே?"

"அது வேற, இது வேறத்தா. கேட்டதுக்கு மட்டும் எழுது" என்றேன்.

சொன்னதில் என்ன தப்பு? பொதுத்தேர்வில் தாள் திருத்துகிறவர் கண்மாய்க் கதைக்கா மார்க் போடுவார்? காரைக்குடி மீன் மார்க்கெட்டில் பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸைத் தவிர வேறு ஐஸைப் பார்த்திராத பிள்ளைகள். நானும் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஆழமில்லாத ஏரிகளில் ஐஸின் மேல் பனி கொட்டிக் கிடந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. பாசி ஆக்சிஜன் தராது. அடியில் மட்குகிற கழிவு, தண்ணீரில் மிச்சமிருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். ஐஸ் உருகும்போது செத்த மீன் கரை ஒதுங்கும். அவள் கண்மாய்க் கதையேதான். ஆனால் பனி மூடாத, கண்ணாடி போன்ற ஐஸ் என்றால் வேறு: சைபீரியாவின் பைக்கால் ஏரியில் ஐஸுக்கு அடியிலேயே டயாட்டம் என்கிற நுண்ணிய பாசி செழிக்கிறது. ஆக அவள் விடையும் முழுசாகச் சரியில்லை என்று ஒரு நிமிடம் தேற்றிக்கொண்டேன். 'கொஞ்சம் சாகும்' என்றுதானே எழுதியிருந்தாள்?

தாளைக் கொடுத்த அன்று போகும்போது இன்னொன்றும் கேட்டாள். "அப்ப ஐஸ் குறைஞ்சா மீனுக்கு நல்லதுதானே டீச்சர்?" மணி அடிச்சாச்சு, போ என்றேன். மணி அடிக்கவில்லை.

அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. ஜப்பானில் மலைகளுக்கு நடுவே இருக்கிற சுவா ஏரி உறைவதை 1443 முதல் கோயில் பூசாரிகள் குறித்து வந்திருக்கிறார்கள்; இப்போதெல்லாம் அது உறையாத வருடங்களே அதிகம். ஐஸ் குறைந்தால் குளிர்கால மூச்சுமுட்டல் குறையும், சரி. ஆனால் ஏரி சீக்கிரமே சூடாகிவிடும். மேலே சூட்டுத் தண்ணீர், அடியில் குளிர்ந்தது, இரண்டும் மாதக்கணக்கில் கலக்காது. அடியில் ஆக்சிஜன் தீரும். குளிர்ச்சி தேடும் டிரவுட் மீனுக்கு மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சுமுட்டல். மூடியே இல்லாமல் மூடின மாதிரி. இதை எட்டே வரியில் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் சைபர் சைபர்தான் என்பேன், அதிலும் உறுதியில்லை.

அரையாண்டில் அதே கேள்வியை ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. நாலு டிகிரி, அடர்த்தி, போர்வை என்று அச்சடித்த மாதிரி எழுதியிருந்தாள். இரண்டு மார்க் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் ஏதாவது கிறுக்கியிருக்கிறாளா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன்.