அம்மாவோட ஸ்கேனும் இரும்புத் துகளும்

போன கெழம அம்மாவ ஸ்கேனுக்கு கூட்டிக்கிட்டு விடியக்காலம் ஹட்டன்ல பஸ் ஏறி கண்டிக்குப் போனோம், கொழுந்துக் கறை போகாத வெரல்ல பழைய ரிப்போர்ட்ட சுருட்டிப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. திரும்பி வாறப்போ போன்ல வாசிச்சது இன்னும் மனசுலயே நிக்குது. ரத்தத்துல நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள ஏத்தி அத மட்டும் காந்தத்தால தேடிப் படமாக்குற முறை, பேரு எம்பிஐ (மேக்னடிக் பார்ட்டிகிள் இமேஜிங்), எக்ஸ்ரே கதிரே கெடையாது. காந்தப்புலம் பூஜ்யமா இருக்குற ஒரு புள்ளிய உடம்புக்குள்ள நகர்த்துவாங்களாம், அந்த எடத்துல இருக்குற துகள் மட்டுந்தான் சிக்னல் குடுக்கும். 2005ல ஜெர்மனி பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்துல இருந்து வெளிய வந்தது. மனுசங்களுக்கு இன்னும் ஆராய்ச்சி மட்டத்துலதான். ஆனா அமெரிக்கால மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி ஆளுங்க, சின்ன ஸ்கேனர் ஒண்ணோட டிசைன யாரும் செஞ்சு பாக்கலாம்னு தெறந்தே வச்சிட்டாங்க. பேராதனைல படிக்கிற நம்ம தோட்டத்துப் புள்ளைங்க யாராச்சும் அந்த ஸ்கேனருக்கு காந்தப்புலம் உண்டாக்குற கம்பிச்சுருள் ஒண்ணு சுத்திப் பாருங்களேன், கம்பிக்கு நான் காசு போடுறேன்.