பழைய ரோட்டில் ஈப்போவுக்கு: முதல் நாள்

ஈப்போவுக்குப் போகிறோம் என்றால் இப்போது யாரும் வழி கேட்பதில்லை. கோலாலம்பூர் டோலில் கார்டைத் தட்டிவிட்டு பிளஸ் என்கிற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். 1994-இல் பிளஸ் முழுசாகத் திறக்கும் வரை நிலைமை வேறு. ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லை வரை லாரி, பஸ், தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் எல்லாவற்றையும் சுமந்தது கூட்டரசுச் சாலை 1. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை அதிலேயே போவது என்று கிளம்பினேன். வழிகாட்டிக்கு அப்பா. எண்பதுகளில் பட்டர்வொர்த் லைனில் லாரி ஓட்டியவர். இப்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வருகிறார்.

செந்தூலில் ஆளுக்கொரு ரொட்டி சானாய், தே தாரிக். பத்துமலை இருக்கும் திசை பார்த்து அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டதும் வண்டி செலாயாங்கைப் பிடித்தது. அதைத் தாண்டினால் கஞ்சிங் காடு. சிலாங்கூரை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத கியாம் கஞ்சிங் மரம் இங்கே இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் ரவாங் மாற்றுவழியைக் காட்டுக்கு மேலே உயரமான தூண்களில் தூக்கிக் கட்டி, 2017-இல் திறந்தார்கள். நாங்கள் கீழே பழைய வளைவுகளிலேயே போனோம். மணல் லாரிக்குப் பின்னால் மாட்டினால் முந்தவே முடியாது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஏசி தேவைப்படவில்லை.

ரவாங்கைச் சும்மா கடந்து போக மனசு வரவில்லை. பத்துமலைக் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையும் சீனத் தொழிலதிபர் லோக் இயூவும் 1894-இல் இங்கே ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க மின்சாரத்தைக் கொண்டு வந்தார்கள். மலாயாவிலேயே மின்சாரத்தை முதலில் பயன்படுத்திய இடங்களில் இதுவும் ஒன்று. கோயில் கட்டியதற்குப் பிள்ளையை நினைக்கிறோம்; இதற்கும் கொஞ்சம் நினைக்கலாம்.

செரண்டா, பத்தாங் காலி, ராசா என்று ஊர்கள் வரிசையாக வந்தன. ஒரு காலத்தில் பால்மரமாக (ரப்பர்) இருந்த இடமெல்லாம் இன்று செம்பனை, இல்லாவிட்டால் வீடமைப்புத் திட்டம். கோலகுபு பாருவில் ஒரு நடை நடந்தோம். பழைய கோலகுபு 1883-இல் அணை உடைந்து சீரழிந்த ஊர். அதற்குப் பிறகும் சுரங்க மண் ஆற்றை அடைத்து, வெள்ளம் ஓயவில்லை. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். 1920-களில் திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பது தெருக்களின் ஒழுங்கிலேயே தெரிகிறது.

பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் பேராக் மாநிலம். தஞ்சோங் மாலிமில் சூடான பாவ் வாங்கி வண்டியிலேயே தின்றோம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் படித்து வந்த இடம்.

சிலிம் ரிவர் தாண்டி துரோலாக் போகும் வழியில், "நிறுத்தும்மா" என்றார் அப்பா. இறங்கி ரோட்டோரச் செம்பனைக்குள் கையைக் காட்டினார். தார் வெடித்து, வெடிப்பில் சுணைப்புல் முளைத்து, ஒரு பாதை வளைந்து உள்ளே போனது. பத்தடிக்கு அப்பால் நடுவிலேயே ஒரு கன்று செம்பனை. "நான் ஓட்டுனது இதுல. நேராக்கும்போது இதை இப்படியே விட்டுட்டாங்க."

ரோட்டை நேராக்குவதும் பழைய வளைவை அப்படியே விட்டுவிடுவதும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நடக்கிறது. 1942 ஜனவரி 7-ஆம் தேதி, பொழுது விடியும் முன் ஜப்பானிய டாங்கிகள் இந்தச் சாலை வழியாகத்தான் தெற்கே இறங்கின. காட்டைச் சுற்றி வருவார்கள் என்று பிரிட்டிஷ் தரப்பு நினைத்திருக்க, அவர்கள் நேராக ரோட்டிலேயே வந்தார்கள். சாலைத் தடைகளில் சிக்கியபோது, கைவிடப்பட்டுக் கிடந்த இப்படிப்பட்ட வளைவுகளில் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 11-ஆவது இந்திய டிவிஷனின் பஞ்சாபிகளும் ஹைதராபாத் படையினரும் கூர்க்காக்களும் அந்தக் காலைப்பொழுதில் சிதறிப் போனார்கள். ரோட்டில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்கா பட்டாளம் ஒன்றைப் பின்னாலிருந்து வந்தே பிடித்தார்கள். ஜனவரி 11-இல் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்துவிட்டார்கள். நாலு நாள்தான். கைவிட்ட ஒரு வளைவை மறந்தால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்த ரோட்டுல டாங்கி எப்படிம்மா யூ டர்ன் அடிக்கும்?"

பீடோரில் மதியச் சாப்பாட்டுக்கு வாத்து மீ. அப்பா வாத்து தொட மாட்டார், அவருக்கு வேறு கடையில் சோறு. தாப்பாவில் ரோட்டோரம் பெத்தாய் என்கிற நாற்றமடிக்கும் அவரைக் கொத்துகள் தொங்கின. விலை கேட்டதோடு சரி. 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்திய மேடுகள் கம்பாரில் இருக்கின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டதால் வைப்பருக்கு நடுவே பார்த்ததுதான். கோப்பேங் தாண்டியதும் மழை விட்டது. சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டு பக்கமும் எழுந்தன.

ஈப்போவில் ஓட்டலுக்குப் போகும் முன்பே அப்பா வண்டியைப் புந்தோங்குக்குத் திருப்பச் சொன்னார். கச்சாங் பூத்தேக்காரர்களின் ஊர். முறுக்கு, பக்கோடா, ஓமப்பொடி, காரக் கடலை என்று கடை முழுக்கச் சாக்கு சாக்காக இருந்தது. "பினாங்கு வரைக்கும் தாங்கணும்ல" என்று ஒவ்வொன்றிலும் கால் கிலோ கட்டச் சொன்னார்.

நாளைக்கு முதலில் சுங்கை சிப்புட். 1954-இல் திறந்த மகாத்மா காந்தி கலாசாலையைப் பார்த்துவிட்டு கோல கங்சார், தைப்பிங் வழியாக பட்டர்வொர்த். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதில்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. அப்பா ஐந்தரை என்கிறார்.