பணிமனை இழந்த டிராம்: சியாட்டில் நாட்குறிப்பு

1 ஜூன் 2024, சனி

காலையில் அலாஸ்கன் வே சாலையில், பியர் 70 என்னும் கப்பல்துறையிலிருந்து தெற்கே மெயின் தெரு வரை நடந்தேன். 1982ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் தொடங்கி, 2005 நவம்பரில் நின்றுபோன கரையோர டிராம் முதலில் ஓடிய வழி இதுதான். நீளம் ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர். இப்போது அங்கே தண்டவாளத்தின் சுவடுகூட இல்லை. விரிகுடாவின் கடற்சுவரைப் புதிதாகக் கட்டி, சாலையையும் மாற்றியமைத்துவிட்டார்கள்.

நான் இவ்வூருக்குக் குடிவந்தது 2005 கோடையில். ஆகவே அந்த டிராமில் ஏறும் வாய்ப்பு எனக்குச் சில முறைதான் கிடைத்தது. பச்சையும் வெளிர்மஞ்சளும் பூசிய பழைய மரப்பெட்டி. உள்ளே மெருகேறிய பலகை இருக்கைகள். ஓட்டுநர் ஒருவர், நடத்துநர் ஒருவர். பேருந்துக்குரிய கட்டணமே இதற்கும் வசூலிக்கப்பட்டதால், இதைச் சுற்றுலாப் பயணிகளின் விளையாட்டு வண்டி என்று ஒதுக்கிவிட முடியாது என்பதே அன்றும் இன்றும் என் எண்ணம்.

2 ஜூன் 2024, ஞாயிறு

நேற்று நடந்த களைப்பு இன்னும் தீரவில்லை. வீட்டிலிருந்தபடியே இத்தடத்தின் பிறப்பைப் பற்றி எழுதுகிறேன்.

ஜார்ஜ் பென்சன் என்பவர் மருந்துக்கடை நடத்தியவர்; 1974 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நகர மன்ற உறுப்பினராக இருந்தவர். கரையோரத்தில் சரக்கு ரயிலுக்காகப் போடப்பட்டிருந்த இருப்புப்பாதையிலேயே பழைய டிராம்களை ஓட்டலாம் என்ற யோசனையைப் பிடித்துக்கொண்டு, கேட்டவர் சிரித்தபோதும் விடாமல் அலைந்தவர் அவர். ஓட்டுவதற்கு வண்டிகள் வேண்டுமே? சியாட்டிலின் சொந்த டிராம்களை நகரமே பல ஆண்டுகளுக்கு முன் கழித்துக்கட்டியிருந்தது. எனவே ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1920களில் உருவான டபிள்யூ2 வகை வண்டிகள் வாங்கப்பட்டன. இரு ஊர்களிலும் தண்டவாள இடைவெளி ஒன்றே, அதாவது 1,435 மில்லிமீட்டர் என்பதால், சக்கரங்களை மாற்றியமைக்கும் தொல்லை எழவில்லை. இருமுனைகளிலும் ஓட்டுமிடம் உண்டு. தடத்தின் கடைசியில் வண்டியைத் திருப்ப வட்டப்பாதை போட வேண்டிய தேவையும் இல்லை. மொத்தம் ஐந்து வண்டிகள் சேர்ந்தன.

1990 ஜூனில் தடம் பயனியர் ஸ்குவேர் என்னும் பழைய நகர்ப்பகுதி வழியாக ஜாக்சன் தெருவுக்கு நீட்டிக்கப்பட்டு, நகரின் பேருந்துச் சுரங்கத்தின் தென்முனை நிலையத்தருகே முடிந்தது. கரையில் இறங்குபவர் அங்கிருந்து ஊருக்குள் எங்கும் போகலாம் என்ற நிலை அப்போதுதான் உண்டானது. பின்னர் தடத்துக்குப் பென்சனின் பெயரையே சூட்டினார்கள். 2004இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு நடந்ததை அவர் பார்க்கவில்லை.

6 ஜூன் 2024, வியாழன்

பழைய கதையையும் சுருக்கமாகக் குறித்து வைக்கிறேன். 1884இல் குதிரை இழுத்த டிராம், 1889இல் மின்சார டிராம் என்று இந்நகரம் முந்திக்கொண்டுதான் தொடங்கியது. 1919இல் தனியார் நிறுவனத்திடமிருந்து டிராம் அமைப்பு முழுவதையும் ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து நகராட்சி வாங்கியது. தேய்ந்த சொத்துக்கு அது மிகக் கூடுதலான விலை. அந்தக் கடனின் சுமையிலேயே இருபது ஆண்டுகள் தள்ளாடிய பின், நடுவண் அரசின் கடனுதவியைப் பெற்று, மேல்கம்பி மின்பேருந்துகளுக்கு மாறி, 1941 ஏப்ரலில் கடைசி டிராமையும் நிறுத்தியது. ஆக, முதல் முறை டிராமைக் கொன்றது கடன். இரண்டாம் முறை அப்படியன்று.

9 ஜூன் 2024, ஞாயிறு

இன்று ஒலிம்பிக் சிற்பப் பூங்காவுக்குச் சென்றேன். எண்ணெய் நிறுவனத்தின் கிடங்கு நிலமாக மாசுபட்டுக் கிடந்த ஒன்பது ஏக்கரைச் சியாட்டில் கலை அருங்காட்சியகம் தூய்மை செய்து, 2007 ஜனவரியில் கட்டணமின்றி மக்களுக்குத் திறந்தது. அலெக்ஸாண்டர் கால்டரின் சிவப்பு ‘கழுகு’ சிற்பம் மேட்டில் நிற்கிறது. அதன் பின்னே நீரும் மலைகளும். அழகில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பிராட் தெரு முனையில், இப்பூங்காவின் ஓரத்தில்தான் டிராம்களின் பணிமனை இருந்தது. அதை இடிப்பதற்காகவே 2005 நவம்பரில் சேவையை நிறுத்தினார்கள்.

பணிமனை என்பதைப் பலர் வண்டியை நிறுத்திவைக்கும் கொட்டகை என்று மட்டுமே நினைக்கிறார்கள். எண்பது ஆண்டு பழைய மர வண்டிக்கு அது அதைவிடப் பெரிது. அடியில் இறங்கி மோட்டாரையும் பிரேக்கையும் பார்க்கப் பள்ளம் வேண்டும். மழை மாதங்களில் மரம் உளுத்துப்போகாமல் காக்கக் கூரை வேண்டும். எங்கும் கிடைக்காத உதிரிபாகத்தை அங்கேயே கடைந்து செய்யவும் இடம் வேண்டும். தடத்தோடு தண்டவாளத்தால் இணைந்த இடமாகவும் அது இருக்க வேண்டும். இத்தனையும் கொண்ட ஒரே கட்டடத்தை, மாற்று இடம் கட்டி முடிக்கும் முன்பே இடித்தார்கள். வரிசை மாறியதுதான் முழுத் தவறு. அருங்காட்சியகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நகராட்சிக்கும் போக்குவரத்துத் துறைக்கும் முன்கூட்டியே தெரிந்த செய்தி இது.

அறிவிப்பில் பயன்படுத்தப்பட்ட சொல் ‘இடைநிறுத்தம்’. பயனியர் ஸ்குவேரில் எழவிருந்த புதிய கட்டடம் ஒன்றினுள் பணிமனை அமைக்கும் திட்டமும் பேசப்பட்டது, அது கைகூடவில்லை. அதற்குள் பக்கத்திலிருந்த மேம்பாலத்தின் கதை குறுக்கிட்டது. 1953இல் திறக்கப்பட்ட அந்த ஈரடுக்குப் பாலம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் நிலநடுக்கத்தில் சேதமுற்றது. அதை இடித்துச் சுரங்கச் சாலை அமைப்பதென்று முடிவானதும், கரையோரம் முழுவதையும் தோண்டத்தானே போகிறோம், டிராமுக்கு இப்போது ஏன் செலவு என்ற வாதம் எளிதாக எடுபட்டது. சுரங்கம் 2019இல் திறந்தது. இடைநிறுத்தத்தை முடித்துவைக்க யாரும் வரவில்லை.

டிராமுக்குப் பதிலாக 99ஆம் எண் பேருந்தை விட்டு, அதற்கும் டிராமின் வண்ணங்களையே பூசினார்கள். அந்தப் பேருந்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

15 ஜூன் 2024, சனி

வண்டிகள் என்ன ஆயின என்று கேட்டு நண்பர் எழுதியிருந்தார். ஐந்தும் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தன. பிறகு மூன்று வண்டிகளைச் செயின்ட் லூயிஸ் நகரின் லூப் டிராலி தடத்துக்கு விற்றார்கள். அத்தடம் 2018 நவம்பரில் தொடங்கி, பணமின்றி 2019 டிசம்பரில் நின்று, 2022இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. மெல்பர்னில் பிறந்து, சியாட்டிலில் வேலை செய்து, கடைசியில் இன்னொரு நின்றுபோன தடத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்த வண்டிகள் அவை என்று பதில் எழுதினேன். சியாட்டிலில் 2007இலும் 2016இலும் திறந்த இரு புதிய டிராம் தடங்களுக்கும் தனித்தனிப் பணிமனைகள் உண்டு என்பதையும் அக்கடிதத்திலேயே சேர்த்துவிட்டேன்.