ஹார்ட்விக் மாளிகை: சில நாட்குறிப்புகள்

7 மே 2024

இங்கிலாந்தின் டார்பிஷயரில் எம்1 நெடுஞ்சாலையில் போகிறவர்களின் கண்ணில் குன்றின் மேலிருந்து படுவது ஹார்ட்விக் மாளிகை. அதன் ஆறு கோபுரங்களின் உச்சியிலும் இ, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ஆளுயரக் கல்லில் செதுக்கப்பட்டு வானத்தை நோக்கி நிற்கின்றன. ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத்தின் பெயரெழுத்துகள் அவை; ஊரார் அவரை பெஸ் என்றே அழைத்தனர். மணமான பெண்ணின் சொத்தெல்லாம் கணவனுக்கே உரியது என்று சட்டம் சொன்ன காலத்தில், நான்காவது கணவரும் இறந்த பிறகு, அறுபது வயதைக் கடந்த ஒரு கைம்பெண் தன் பணத்தில், தன் பெயரில் கட்டிய வீடு இது. இந்த மாளிகையின் வரலாற்றைப் பெண்களின் வழியாகவே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

9 மே 2024

பெஸ் இதே குன்றில், பெரும் செல்வமில்லாத ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாவது கணவர் வில்லியம் காவெண்டிஷுடன் 1549-இல் சாட்ஸ்வொர்த் நிலத்தை வாங்கினார். அவருடைய பிள்ளைகள் அனைவரும் அந்த மணத்தில் பிறந்தவர்களே. நான்காவது கணவரான ஷ்ரூஸ்பரி பிரபுவிடம்தான் ஸ்காட்லாந்து அரசி மேரி 1569 முதல் 1584 வரை காவலில் இருந்தார். பெஸ்ஸும் மேரியும் ஒன்றாக அமர்ந்து பூத்தையல் செய்த துணிகள் சில இன்றும் இருக்கின்றன. ஆனால் மேரி ஹார்ட்விக்கில் சிறையிருந்ததாகப் பலர் நம்புவது சரியல்ல. 1587-இல் அவர் தலை வெட்டப்பட்டார், இந்த மாளிகைக்கு அடித்தளம் இடப்பட்டதோ 1590-இல்தான்.

12 மே 2024

இன்று மாளிகைக்குள் நீண்ட நேரம் இருந்தேன். ராபர்ட் ஸ்மித்சனின் வடிவமைப்பில் ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தைவிட உயர்ந்து செல்கிறது, சன்னல்களும் அதற்கேற்பப் பெரிதாகின்றன: பணியாளர்களுக்குத் தரைத்தளம், குடும்பத்தாருக்கு அதற்கு மேல், அரசமரியாதைக்குரிய கூடங்கள் எல்லாவற்றுக்கும் மேலே. கண்ணாடி மிகவும் விலையுயர்ந்திருந்த அந்நாளில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று மக்கள் பாட்டாகவே பாடும் அளவுக்கு பெஸ் சன்னல் வைத்தார். கண்ணாடிப் பட்டறை அவருடையது, ஈயம் அவருடையது, மணற்கல்லும் அவருடைய நிலத்திலேயே வெட்டப்பட்டது.

மேல்தளத்தில் ஐம்பது மீட்டருக்கும் நீண்ட கூடத்தின் சுவர் முழுவதும் விவிலியத்தில் வரும் கிதியோனின் கதையைச் சொல்லும் பதின்மூன்று சித்திர நெசவுத் திரைகள். முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சரான சர் கிறிஸ்டோபர் ஹாட்டனுக்காக நெய்யப்பட்டவை அவை. அவர் பெருங்கடனோடு இறந்துபோக, 1592-இல் அவருடைய வாரிசிடமிருந்து பெஸ் அவற்றை 326 பவுண்டுக்குச் சற்றே கூடுதலான விலைக்கு வாங்கினார். அதிலும், ஹாட்டனின் குலச்சின்னத்தை மாற்ற வேண்டியிருக்கிறது என்று 5 பவுண்டு குறைத்துக்கொண்டார். பிறகு அந்தச் சின்னத்தின் மேல் தன் சின்னம் தீட்டிய துணியைத் தைக்கச் செய்து, ஹாட்டனின் பெண்மானுக்குக் கொம்பு வரைந்து காவெண்டிஷ் குலத்துக் கலைமானாக்கிவிட்டார். கணக்கில் கறாரும் பெருமிதமும் இப்படி ஒன்றாகச் சேர்ந்த மனிதரை நான் மனமார மதிக்கிறேன்.

17 மே 2024

பேத்தி ஆர்பெல்லா ஸ்டூவர்ட்டைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது. அரியணைக்கு உரிமை கோரத்தக்க வம்சத்தில் பிறந்த அந்தப் பெண்ணைப் பாட்டி இந்த வீட்டில் கண்காணிப்பில் வைத்திருந்தார். அவள் 1603-இல் தப்பிக்க முயன்று தோற்றாள், பின்னாளில் அரசரின் அனுமதியின்றி மணம் செய்ததற்காக அடைக்கப்பட்டு, 1615-இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தாள். பெஸ்ஸின் ஆற்றலைப் போற்றும் எவரும் இந்தக் கடுமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெஸ் 1608-இல் மறைந்தபின் மகன் வில்லியமின் வழியினர் டெவன்ஷயர் பிரபுக்களாகவும் பின்னர் டியூக்குகளாகவும் உயர்ந்தனர். அவர்களின் மனம் சாட்ஸ்வொர்த்திலேயே நிலைத்தது. அங்கிருந்த தங்கள் மாளிகையைத்தான் இடித்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தனர். ஹார்ட்விக்கை நாகரிகத்துக்கேற்ப மாற்ற எவருக்கும் அவசியம் இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் ஆசிரியராயிருந்த தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் 1679-இல் இங்கேதான் இறந்தார். பழமையை நேசித்த ஆறாம் டியூக்கும் 1858-இல் இங்கேயே காலமானார்.

21 மே 2024

தன் திரைகளும் தட்டுமுட்டுகளும் ஹார்ட்விக்கைவிட்டு அகலக்கூடாது, ஈரமும் அந்துப்பூச்சியும் அவற்றை அண்டாமல் காக்க வேண்டும் என்று பெஸ் தம் உயிலில் எழுதியிருந்தார். 1601-இல் எடுக்கப்பட்ட பொருட்பட்டியலும் அதனுடன் இருக்கிறது. அந்த ஆணையை உண்மையாகவே தலைமேல் ஏற்றவர் ஒன்பதாம் டியூக்கின் மனைவி ஈவ்லின். 1938-இல் கணவரை இழந்தபின் இங்கே குடியிருந்து, நைந்த துணிகளைத் தம் கையாலேயே தைத்துச் சீராக்கினார். அவருடைய மகன், பத்தாம் டியூக், 1950-இல் திடீரென இறந்தபோது சொத்தின் மீது 80 விழுக்காடு வரி விழுந்தது. அதற்கு ஈடாக மாளிகை 1956-இல் அரசுக்கும், 1959-இல் பழம்பெரும் இடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கும் சென்றது. 1960-இல் மறைந்த ஈவ்லினே இங்கு வாழ்ந்த கடைசிக் குடும்பத்தவர்.

கிதியோன் திரைகளை ஒவ்வொன்றாகப் பெல்ஜியத்துக்கு அனுப்பி அலசி, நார்ஃபோக்கில் உள்ள பட்டறையில் இழையிழையாகத் தைத்துச் செப்பனிடும் வேலை 24 ஆண்டுகள் நடந்து 2023-இல்தான் நிறைவடைந்தது. அவற்றின் சாயம் வெளிறாதிருக்கச் சன்னல்களில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் திரைகளை இறக்கி வைக்கிறார்கள். கூடம் இருட்டாக இருக்கிறதே என்று உடன் வந்த ஒருவர் வருந்தினார். வெளிச்சத்துக்காகக் கட்டிய வீட்டில் அவர் வருத்தம் நியாயமானதுதான். ஆயினும் நெசவா ஒளியா என்று கேட்டால், உயிலைப் படித்த நான் நெசவின் பக்கமே நிற்பேன்.